துணி வாங்கும் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் தையல் கடையில் "வெள்ளிக்கிழமை கல்யாணம்" என்று சொல்வது நம் ஊர்ப் பெண்களின் பழக்கம். கடைக்காரர் எப்படியும் இரண்டு நாள் இழுப்பார் என்ற கணக்கு. கடைக்காரருக்கும் இந்தக் கணக்கு தெரியும். இவர் சொல்வது உண்மையான தேதி இல்லை என்று அவரும் இரண்டு நாள் தள்ளித்தான் துணியைக் கையில் எடுப்பார். இருபக்கமும் பொய் சொல்லிச் சொல்லி, ரசீதில் எழுதும் தேதிக்கு மரியாதையே இல்லாமல் போய்விட்டது. இந்த விளையாட்டை முதலில் நிறுத்த வேண்டியவர் கடைக்காரர்தான், ஏனென்றால் தேதியை எழுதும் பேனா அவர் கையில் இருக்கிறது.

பெண்கள் தையல் கடையில் வாரத்துக்கு ஒரு சண்டையாவது வரும். எந்தச் சண்டையைத் தோண்டிப் பார்த்தாலும் வேர் போய் நிற்பது வாடிக்கையாளரிடம் துணியை வாங்கி ரசீது எழுதிய அந்தப் பத்து நிமிடத்தில். அப்போது கேட்காத கேள்வி, அப்போது அளக்காத துணி, அப்போது சொல்லாத விலை. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். நன்றாகத் துணி வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு.

துணி மேசைக்கு வந்ததும் முதல் வேலை, அதை முழுதாக விரித்து வாடிக்கையாளர் கண்முன்னே அளப்பது. சாதாரண அரைக்கை பிளவுஸுக்கு 80 செ.மீ. போதும். முழங்கை வரை கை வேண்டும், மார்புச் சுற்றும் 40 அங்குலத்துக்கு மேல் என்றால் 1 மீட்டர் தேவை. பிட் துணி வாங்கும்போது ஜவுளிக்கடையில் 80 என்று வெட்டிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் 76 இருக்கும். அந்த 4 செ.மீ. பற்றாக்குறை, டெலிவரி அன்று தெரிந்தால் "துணியத் திருடிட்டாங்க" என்று பேர் வரும். துணி கொடுத்த அன்றே தெரிந்தால் "கையை ஒரு அங்குலம் குறைச்சுக்கலாமா, இல்ல வேற துணி ஒட்டி பார்டர் மாதிரி வைக்கலாமா?" என்ற பேச்சாக முடிந்துவிடும். முடிவு எதுவானாலும் ரசீதில் ஒரு வரி: "துணி 76 செ.மீ., கை 9 அங்குலம், ஒப்புதல்."

பட்டுப் புடவையோடு சேர்ந்து வரும் பிளவுஸ் துணியில் இன்னும் கவனம் வேண்டும். புடவை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் 80 செ.மீ. என்பது பொதுக் கணக்கு. எல்லாப் புடவையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. மொத்த நீளத்தை அளக்காமல் பிளவுஸ் பகுதியை மட்டும் பார்த்துக் கத்தரி வைத்தால், பிறகு புடவையில் கொசுவம் குறையும். புடவை ஓரம் மடிக்க 1 அங்குலம் விட்டு, வெட்டும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, "இங்க வெட்டப்போறேன், பாருங்கம்மா" என்று காட்டிவிட்டு வெட்டுவதே முறை. பத்தாயிரம் ரூபாய்ப் புடவை. அந்தப் பிளவுஸ் துணி கெட்டால் அதே சாயத்தில் அதே ஜரிகையில் இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

துணியில் ஓட்டை, கறை, இழை இழுத்த இடம், சாயம் மங்கிய மடிப்புக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அங்கேயே வட்டம் போட்டுக் காட்டிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து அந்த ஓட்டை யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை. சிவப்பு, மெரூன், கருநீலம், கரும்பச்சை என்றால், வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் ஏறினால் அதையும் எழுத வேண்டும். உள்ளே வைக்கும் வெளிர் நிற லைனிங்கோ ஓரத்தில் வைக்கும் வெள்ளை பைப்பிங்கோ அதற்கு வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு நமக்கு.

லைனிங் துணியில்தான் பல கடைகளின் பெயர் கெடுகிறது, அதுவும் துணி கடையை விட்டுப் போன பிறகு. பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும். வெளித்துணி சுருங்காது. உள்ளே இருப்பது இழுக்க, வெளியே இருப்பது கொசகொசவென்று சுருக்கம் விழும். வாங்கிய லைனிங்கை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இதற்கு ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளையும் டெலிவரித் தேதிக் கணக்கில் சேர்க்காத கடையில்தான் லைனிங் நனையாமல் மேசைக்கு வருகிறது. வசதியான வழி ஒன்று உண்டு: அதிகம் போகும் 15, 20 நிறங்களை மொத்தமாக வாங்கி, நனைத்துக் காயவைத்து, அடுக்கி வைத்துக்கொள்வது. நிறம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் பொருந்திய அரக்கு நிறம் கல்யாண மண்டப வாசலில் வேறாகத் தெரியும்.

புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணிக்கும் இதே கதை. நனைக்காமல் தைத்த ஃபால்ஸ் முதல் சலவைக்குப் பிறகு புடவை ஓரத்தைச் சுருட்டி இழுத்துவிடும்.

அளவு எடுக்க இரண்டு வழி. அளவு பிளவுஸ் கொடுப்பவர்கள்தான் அதிகம். அதை வாங்கி அப்படியே மடித்து வைத்துவிடுகிற கடை, பாதிச் சண்டைக்கு அங்கேயே பிள்ளையார் சுழி போட்டுவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி: "இது இப்போ உங்களுக்குச் சரியா இருக்கா? எங்க பிடிக்குது, எங்க லூசா இருக்கு?" பெரும்பாலும் பதில் வரும். "கை மட்டும் கொஞ்சம் டைட்டு", "கழுத்து இன்னும் அரை இன்ச் இறக்கலாம்", "இது ரெண்டு வருஷம் முந்தி தைச்சது." கடைசிப் பதில் வந்தால் அந்த அளவு பிளவுஸை நம்பக் கூடாது, உடம்பில் அளந்தே ஆக வேண்டும். அளவு பிளவுஸை அளக்கும்போது கொக்கி மாட்டி, இஸ்திரி போட்டு, சமதளத்தில் விரித்து அளக்க வேண்டும். நீட்டமாக இழுத்துப் பிடித்தால் மார்புச் சுற்றில் முக்கால் அங்குலம் கூடிவிடும். நீளம், தோள்பட்டை, மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் வளைவு), கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து, டார்ட் (மார்பு வடிவத்துக்குப் பிடிக்கும் மடிப்பு) உயரம் ஆகிய பத்தும் ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்த கட்டங்களாக இருந்தால் எதுவும் விட்டுப்போகாது.

டேப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். துணி டேப் நாளாக நாளாக நீளும். மாதம் ஒரு முறை ஸ்டீல் ஸ்கேலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 36 அங்குலத்துக்குக் கால் அங்குலம் நீண்டிருந்தால் அந்த டேப் குப்பைக்கு. அளவெடுக்க ஒன்று, கட்டிங் மேசையில் இன்னொன்று வைத்திருக்கும் கடைகளில் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நடக்கும் கூத்து தனி.

உடம்பில் அளப்பது வேறு மாதிரி வேலை. அது பெண் ஊழியர் செய்ய வேண்டியது, திரை போட்ட இடத்தில் செய்ய வேண்டியது. "டேப் வைக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுக் கை வைக்க வேண்டும். அளவை எழுதுபவர் பக்கத்திலேயே இருந்தால் மெதுவாகச் சொல்லலாம். கடை முழுக்கக் கேட்க "மார்பு முப்பத்தெட்டு" என்று கூவுவதைப் பல கடைகளில் இன்றும் கேட்கலாம். வந்தவர் வாயால் எதுவும் சொல்லமாட்டார். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார், காரணம் நமக்குத் தெரியவே வராது. "போன தடவைய விட எடை போட்டுட்டீங்க போல" என்ற பேச்சும் அப்படித்தான். அன்பாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். போன அளவு 34, இந்த அளவு 37 என்றால், 37 என்று எழுதிக்கொண்டால் போதும். அதற்கு வசனம் வேண்டாம்.

அளவு நோட்டு மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. பெயர், போன் நம்பர், உடல் அளவு மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் நோட்டு அது. டிசைன் காட்ட வாட்ஸ்அப்பில் படம் வாங்கலாம், ஆனால் வாடிக்கையாளர் பிளவுஸ் போட்டுக்கொண்டிருக்கும் படத்தை அனுப்பச் சொல்லக் கூடாது. அவர்களாக அனுப்பினாலும் வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கல்யாணப் பிளவுஸ் அழகாக வந்திருக்கிறது என்று கடை ஸ்டேட்டஸில் போட ஆசை வரும். பொம்மைக்கு மாட்டிப் படம் எடுக்கலாம், அதுவும் கேட்டுவிட்டு. டிரையல் அறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, கதவில் இடுக்கு இருக்கிறதா, கடையின் கண்காணிப்பு கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வாரம் ஒரு முறை கடைக்காரரே உள்ளே நின்று பார்த்துவிடுவது நல்லது.

இனி தேதி. தேதி என்பது வாக்குறுதி என்று பெரிதாகப் பேசுவார்கள். கடைக்குள் அது வெறும் பெருக்கல் கணக்கு.

ஒரு தையல்காரர் முழுநாள் உட்கார்ந்தால் லைனிங் பிளவுஸ் 5 முடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மெஷின் என்றால் 10. அந்தப் பத்தையும் ரசீதில் எழுதினால் முதல் நாளே கணக்கு உதைக்கும். ஆல்டரேஷன் வரும், கரண்ட் போகும், பாபின் கேஸ் மக்கர் பண்ணும், ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதி நாளில் கிளம்புவார். பத்து தைக்க முடிகிற கடை நாளுக்கு ஏழுதான் எழுத வேண்டும். பழைய டைரி ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு வரி. கப் வைத்த பிளவுஸ், பின்பக்க மாடல் உள்ள பிளவுஸ் என்றால் இரண்டு வரி. ஆரி வேலை (கொக்கி ஊசியால் நூலும் மணியும் கல்லும் வைத்துச் செய்யும் எம்பிராய்டரி) செய்த பிளவுஸைத் தைக்க மூன்று வரி. பக்கம் நிறைந்துவிட்டால் அடுத்த பக்கம். வாயால் தேதி சொல்லும் பழக்கத்தையே விட்டுவிட்டு, டைரியைத் திறந்து காலி வரியைப் பார்த்த பிறகே தேதி எழுத வேண்டும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும். "பாருங்கக்கா, புதன்கிழமை வரைக்கும் ஃபுல்லு" என்று காட்டினால் பேரம் பேச யாருக்கும் மனம் வராது.

ஏழிலும் ஒரு வரியைக் காலியாக விட்டுவைக்கலாம். அவசரம் என்று வருபவர்களுக்கு அது. அவசரக் கூலி வாங்கலாமா என்றால், காலி வரி இருந்தால் தாராளமாக வாங்கலாம். வரி இல்லாதபோது ஐம்பது ரூபாய் கூட வாங்கிக்கொண்டு இன்னொருவர் துணியைக் கீழே தள்ளுகிறோமே, அந்த ஐம்பது ரூபாய் தள்ளப்பட்டவருடைய பணம்.

தேதி கேட்கும்போது "எப்போ வேணும்?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். "விசேஷம் என்னைக்கு?" என்று கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்வி. விசேஷத் தேதியை ரசீதில் சிவப்பு மையில் எழுதி, டெலிவரியை அதற்கு மூன்று நாள் முன்னே வைக்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் என்றால் டிரையலே ஒரு வாரம் முன்னால். அந்த மூன்று நாள் கடைக்காரர் இழுப்பதற்கு இல்லை, போட்டுப் பார்த்து ஏதாவது இருந்தால் சரிசெய்வதற்கு.

வருடத்தில் எந்த மாதம் எப்படி என்பது கடை வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடம். மே கடைசியிலும் ஜூனிலும் பள்ளிச் சீருடை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் தள்ளுபடியில் வாங்கிய துணி மூட்டை மூட்டையாக வரும். ஆவணி முகூர்த்தம், பிறகு தீபாவளி, பிறகு தை. ஆடியில் வருபவை எல்லாம் அவசரம் இல்லாத துணிகள். அவற்றை அப்போதே முடித்துக் கொடுக்காமல் "ஆவணியில பாத்துக்கலாம்" என்று போட்டுவைப்பதுதான் ஐப்பசியில் கழுத்தை நெரிக்கிறது.

தீபாவளிக்கு "ஆர்டர் முடிந்தது" என்ற பலகையை எந்தத் தேதியில் மாட்டுவது? நாள்காட்டியைப் பார்த்து மாட்ட வேண்டியதில்லை. டைரியில் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு வரை வரிகள் நிறைந்த அன்று மாலையே மாட்டிவிட வேண்டும். பதினைந்து வருட வாடிக்கையாளர் மறுநாள் நான்கு துணியோடு வந்து நிற்பார். அவரிடம் "வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்று சொல்வதுதான் தையல் தொழிலின் பரம்பரை வியாதி. அந்தப் "பாக்கலாம்" அவர் காதில் "தைச்சுத் தர்றேன்" என்றே விழும். "தீபாவளிக்கு முடியாதுக்கா, அதுக்கப்புறம் புதன்கிழமை தர்றேன். அவசரம்னா அடுத்த தெரு கடையில இடம் இருக்கான்னு போன் போட்டுக் கேட்கட்டுமா?" என்பது முகத்துக்கு நேரே சொல்லக் கஷ்டமான பதில்தான். அன்று அவர் முகம் சுளிப்பார். பொங்கலுக்குத் திரும்பி வருவார்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் சில சமயம் தவறும். தவறும் என்று தெரிந்த நிமிடமே போன் போட வேண்டும். வாடிக்கையாளர் பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. பேச வேண்டியது இவ்வளவே: "அக்கா, நாளைக்கு வர வேணாம். பச்சை பிளவுஸ் ரெடி. மெரூன் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சிரும். சனிக்கிழமைதானே விசேஷம்? வேணும்னா வீட்டுக்கே குடுத்து விடுறேன்." எது முடிந்தது, எது முடியவில்லை, எந்த நேரம், விசேஷம் நினைவிருக்கிறது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. காரணம் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் கரண்ட் போனதையும் மாஸ்டர் ஊருக்குப் போனதையும் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது தேதியும் தவறக் கூடாது என்பதால் அதை முதல் தேதியை விடத் தாராளமாகவே சொல்லுங்கள்.

"கொக்கி மட்டும்தான்மா பாக்கி, பத்து நிமிஷம் உட்காருங்க." இந்த வாசகத்தைக் கேட்காத தமிழ்ப் பெண் இருக்க மாட்டார். துணி இன்னும் வெட்டவே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. சாதா பிளவுஸ், லைனிங், பைப்பிங், கப், நாடா, குஞ்சம், பின்பக்க மாடல், ஃபால்ஸ், ஓரம் அடித்தல், ஆல்டரேஷன் என்று தனித்தனியாக விலைப்பலகை சுவரில் இருக்க வேண்டும். ரசீதில் மொத்தம், முன்பணம், பாக்கி. டெலிவரி அன்று "நாடா போட்டோம், அதுக்கு முப்பது" என்று சேர்க்கும் முப்பது ரூபாய், அடுத்த மூவாயிரம் ரூபாய் வேலையைக் கெடுக்கும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதிவு இல்லாத கடை ரசீதில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வசூலிப்பது குற்றம், சின்னத் தொகைதானே என்று சேர்க்கக் கூடாது.

ஆரி வேலைக்கு மட்டும் தனி ரசீது போடுவது நல்லது. டிசைனை டிரேசிங் தாளில் வரைந்து, கழுத்துக்கும் கைக்கும் முழு அளவில் காட்டி, அந்தத் தாளிலேயே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். நூல் நிறம், மணி, கல், ஜர்தோசி எது எங்கே என்று மாதிரி ஒன்றைக் குத்திவைக்க வேண்டும். போனில் பார்த்த படமும் துணியில் வந்த வேலையும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. படத்தில் இருந்த நெருக்கமான வேலையின் விலை வேறு, இவர் ஒப்புக்கொண்ட விலைக்கு வரும் வேலை வேறு என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தையல் ஓடும் கோட்டை ஒட்டி அரை அங்குலத்துக்கு மணியும் கல்லும் வரக் கூடாது. வந்தால் தைக்கும்போது ஊசி ஒடியும், ஒடிந்த முனை துணியைக் கிழிக்கும். முதலில் அளவெடுத்து, துணியில் பிளவுஸ் வடிவத்தைக் குறித்து, பிறகு ஆரி, அதன் பிறகே வெட்டுவது. இந்த வரிசை மாறினால் கழுத்து டிசைன் ஒரு பக்கம் தோளுக்குள் போய்விடும்.

ரசீது இரண்டு பிரதி. எண் அச்சிட்டது. ஒவ்வொரு துணியின் ஓரத்திலிருந்தும் விரல் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, கடைப் பிரதியில் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்பது தீபாவளி வாரத்தில் தெரியும். ரசீது எண் எழுதிய துணி டோக்கனை அளவு பிளவுஸோடும் புதுத் துணியோடும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். குண்டூசி வேண்டாம், துரு பட்டுத் துணியில் ஏறும்.

டிரையல் பற்றிப் பலர் அலட்சியம். பிளவுஸை முழுதாகத் தைத்து முடித்துவிட்டு "போட்டுப் பாருங்க" என்பது டிரையல் ஆகாது. பக்கத் தையலைப் பெரிய தையலாக ஓட்டி, கை மாட்டி, கொக்கிக்குப் பதில் ஊக்கு குத்திப் பார்ப்பதுதான் டிரையல். போட்டுக்கொண்டதும் கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்கவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், முந்தானையை எடுத்துத் தோளில் போடுவது போலச் செய்யச் சொல்லுங்கள். கை தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் மேலே ஏறினால் ஆர்ம்ஹோல் அதிகம் இறங்கியிருக்கிறது. தோள் சரிந்தால் கழுத்து அகலம் கூடிவிட்டது. பின்கழுத்து 9, 10 அங்குலம் இறங்கினால் முன்கழுத்து 6, ஆறரைக்குள் நிற்க வேண்டும், நாடாவும் வேண்டும். "எனக்கு ரெண்டும் டீப்பா வேணும், நாடா வேண்டாம்" என்று வருபவர்களிடம், தோள் நிற்காது என்பதைச் சொல்லி, சம்மதித்தால் அதையும் எழுதிக்கொண்டு தைக்கலாம்.

குறையோடு திரும்பி வருபவரிடம் முதலில் வர வேண்டிய சொல் "போட்டுக் காட்டுங்கம்மா." "நீங்க குடுத்த அளவுதான்" என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. போட்டுக் காட்டியதும் எங்கே பிடிக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, பிறகு ரசீதை எடுத்துப் பார்க்கலாம். கடை தவறு என்றால் அன்றே, வரிசையில் முதலாவதாக, காசு வாங்காமல். அவர் உடம்பு மாறியிருந்தால் முதல் தடவை இலவசமாகவே செய்து கொடுக்கலாம், பத்து நிமிட வேலைதான். இது சாத்தியமாக வேண்டுமென்றால் தைக்கும்போதே உள்ளே துணி விட்டிருக்க வேண்டும். பக்கத் தையலில் முன் துண்டிலும் பின் துண்டிலும் 1 அங்குலம் வீதம் விட்டால், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் பிரித்தாலே ஒரு பக்கம் 1, இரு பக்கமும் சேர்த்து 2 அங்குலம் லூஸ் கிடைக்கும். கையிலும் அதே அளவு விட மறந்தால் பக்கத்தைப் பிரித்துப் பயனில்லை. பட்டிலும் டிஷ்யூ என்ற மெல்லிய ஜரிகைத் துணியிலும் பிரித்த தையலின் துளைகள் மறையாது, அதைப் பிரிக்கும் முன் சொல்ல வேண்டும்.

துணி கெட்டுப்போனால்? கட்டிங் மாறிப்போகும், இஸ்திரி சுடும், மெஷின் எண்ணெய் சொட்டும். எண்ணெய் போட்ட மெஷினில் வேஸ்ட் துணியில் இரண்டு மூன்று வரி ஓட்டிய பிறகே வாடிக்கையாளர் துணியை வைக்க வேண்டும். சொட்டிவிட்டால் உடனே டால்கம் பவுடரோ சாக்பீஸ் தூளோ தூவி உறிஞ்சவிட வேண்டும், பட்டில் தண்ணீர் வைத்துத் தேய்க்கக் கூடாது. பட்டுக்கும் ஜரிகைக்கும் குறைந்த சூட்டில், மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு இஸ்திரி. மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுக்கும். பட்டுக்கு 11-ஆம் நம்பர், பருத்திக்கு 14. ஊசியின் விலையைப் பார்த்து மாற்றாமல் விடுகிற கடைக்காரர், இழுத்த இழைக்குக் கொடுக்கப்போகும் விலையைப் பார்ப்பதில்லை.

கெட்டது கெட்டதுதான் என்று ஆனபின், அன்றே போன் செய்ய வேண்டும். டெலிவரி நாள்வரை மறைத்து, ஒட்டுப்போட்டு, "டிசைன் வச்சிருக்கோம்" என்று கொடுப்பது எல்லாவற்றையும் விட மோசம். விசேஷத்துக்கு நாள் இருக்கும்போது சொன்னால் வழி இருக்கிறது: பொருந்தும் துணி வாங்கிக் கடைச் செலவில் தைப்பது, மாற்று நிறத்தில் காண்ட்ராஸ்ட் பிளவுஸ், துணி விலையைத் திருப்பிக் கொடுப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வாடிக்கையாளரிடம் விடுங்கள், தையல் கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ரசீதின் கீழே "துணி சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கூலி வாங்கிச் செய்யும் தையல், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. அதில் குறை என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். அகமதாபாத்தில் 2024 டிசம்பரில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பிளவுஸைச் சரியாகத் தைத்துக் கொடுக்காத தையல்காரரை, முன்பணத்தை வட்டியோடு திருப்பி, 7,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது அங்குள்ள நுகர்வோர் ஆணையம். ஒரு பிளவுஸுக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று இனிச் சொல்ல முடியாது.

தவறை மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பீஸ் ரேட்டிலிருந்து. தைத்த பிளவுஸுக்குக் காசு, திருத்தினால் காசு இல்லை என்று வைத்தால், தையல்காரர் சின்ன வெட்டுத் தவறை உள்ளே மடித்துத் தைத்து அனுப்பிவிடுவார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. திருத்தும் வேலைக்கும் ஒரு சின்னத் தொகை வைத்து, "தப்பு நடந்தா உடனே சொல்லு, திட்டமாட்டேன்" என்பதைச் சொன்னபடி நடந்து காட்டினால்தான் கட்டிங் மேசையிலேயே விஷயம் வெளியே வரும். வாடிக்கையாளர் எதிரில் தையல்காரரைத் திட்டும் கடையில் அது நடக்காது.

டெலிவரிப் பையில் போட்டு ஒட்டும் முன் கடைசிப் பார்வை. கொக்கி எத்தனை, ஒவ்வொன்றும் இழுத்தால் நிற்கிறதா. நூல் முனைகள் வெட்டியிருக்கிறதா. சாக்பீஸ் கோடு துடைத்தாயிற்றா. உள்ளே குண்டூசி ஏதாவது தங்கியிருக்கிறதா என்று கை விட்டுத் தடவிப் பார்ப்பது கட்டாயம். அளவு பிளவுஸ் திரும்ப வைத்தாயிற்றா. மீதித் துணி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நாலு விரல் அகலப் பார்டர் துண்டானாலும், மடித்து அதே பையில். அந்தத் துண்டை வைத்து அவர் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். சில பேர் குழந்தைக்குப் பொம்மைச் சட்டை தைப்பார்கள், பல பேர் பீரோவில் போட்டு மறந்துவிடுவார்கள். அதோடு இரண்டு கொக்கியும் அந்த நிற நூல் கொஞ்சமும் ஒரு காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தால் கடைக்கு ஒரு ரூபாய் செலவு.

ஆறு மாதமாக வாங்காமல் கிடக்கும் பிளவுஸ்கள் எல்லாக் கடையிலும் ஒரு அலமாரி நிறைய இருக்கும். அவற்றின் மேல் ரசீது எண், பெயர், கடைசியாக போன் செய்த தேதி எழுதிய சீட்டு இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரு குறுஞ்செய்தி. நாப்தலின் உருண்டை பட்டுத் துணிமேல் நேராகப் படாமல், தாளில் சுற்றி மூலையில்.